வீட்டில் பழைய கார்களுக்கு ஒர்க்‌ஷாப் கட்ட எவ்வளவு இடம் வேண்டும்? பணத்தை எப்படிப் புரட்டுவது?

கேள்வியில் நீங்கள் சொன்ன விவரம்: கோவைக்குப் பக்கத்தில் வீடு, பின்னால் மூன்று சென்ட் காலியிடம். கையில் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது, அடுத்து ஒரு அம்பாசடர் வாங்கும் எண்ணம். தொழிலுக்காக இல்லை, ஆசைக்காக. மாதச் சம்பளக்காரர். ஷெட் எவ்வளவு பெரிதாகப் போடலாம், பர்சனல் லோன் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நானும் கோவைதான். என்னிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஒரு பத்மினியும் இருக்கின்றன. முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: நிற்கிற காரை அளந்து ஷெட் கட்டாதீர்கள். பிரித்துப் போட்ட காரை அளந்து கட்டுங்கள். பணமும் அதே மாதிரிதான். பிறகு மாற்றவே முடியாத தரை, உயரம், தூண், ஒயரிங் இவற்றுக்கு முதலிலேயே முழுசாகச் செலவழியுங்கள். மற்றதெல்லாம் மாதாமாதம் வரட்டும்.

பத்மினி சுமார் 13 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். அம்பாசடர் 14 அடி 2 அங்குலம் நீளம், ஐந்தரை அடி அகலம். இதைப் பார்த்துவிட்டு மேஸ்திரி "பத்துக்குப் பதினாறு போதுங்க சார்" என்பார். வண்டி உள்ளே போய்விடும், ஆனால் வேலை செய்ய முடியாது. கதவை முழுசாகத் திறந்து, ஆள் உட்கார்ந்து, கையில் ஸ்பேனரோடு திரும்ப வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் மூன்றரை அடி வேண்டும். இன்ஜினை இறக்க எடுத்து வரும் கிரேனின் கால்களே ஐந்தடி நீளம் இருக்கும். அதை முன்னால் நுழைத்து, இன்ஜினைத் தூக்கி, பின்னால் இழுக்க ஆறு அடியாவது வேண்டும். டிக்கிப் பக்கம் மூன்று அடி. கூட்டிப் பாருங்கள்: பத்மினிக்கு மட்டும் 22 அடி நீளம், 12 அடி அகலம். ஒரு பக்கச் சுவரோடு வேலை மேஜை போட்டால் அகலம் 14 அடி.

இரண்டு காருக்கு 24க்கு 24. அதாவது 576 சதுர அடி, உங்கள் இடத்தில் ஒன்றே கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். மூன்று சென்ட் இருக்கிறதே, இன்னும் பெரிதாகப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். எல்லையிலிருந்து விட வேண்டிய இடத்தை விட்டுத்தான் கட்ட வேண்டும், பிளான் அப்ரூவலில் அதைக் கேட்பார்கள். அதைவிட முக்கியமாக, காலியாக இருக்கும் மூன்றாவது இடத்துக்கு மூன்றாவது வண்டி வந்துவிடும். ஓடாத மூன்று வண்டி வைத்திருப்பவர்களை எனக்கு நிறையத் தெரியும். இரண்டோடு நிறுத்துகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பிரித்த கார் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஹெரால்டை வைத்துச் சொல்கிறேன். 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்த வண்டி அது. சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனி, பாடி தனி, நடுவில் போல்ட். பானெட் இரண்டு மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக முன்பக்கம் சாயும், அதனால் சுவரை ஒட்டி நிறுத்தினால் திறக்கவே முடியாது. பாடியைக் கழற்றித் தூக்கியபோது நண்பர்களும் பக்கத்து வீட்டுப் பையன்களும் ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். மரக்கட்டையில் அடித்த தாங்கி மேல் பாடியை இறக்கி வைத்தோம். அந்த நொடியிலிருந்து ஒரு கார் இரண்டு கார் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் பானெட் ஒரு ஓரம், கதவுகள் சுவரோரம், கண்ணாடிகள் பழைய கம்பளியில் சுற்றி நிமிர்த்தி, சீட்டுகள் பரண் மேல். இந்த நிலையில் ஒரு வாரமோ ஒரு மாதமோ இல்லை, தகர வேலைக்காரர் நேரம் கொடுத்து, வெல்டிங் முடிந்து, பாகங்கள் கிடைத்து வரும்வரை இப்படியே நிற்கும்.

உங்கள் பத்மினியும் அம்பாசடரும் அப்படிப் பாடி தனியாக வராது. ஆனால் சக்கரம் கழற்றி ஸ்டாண்டில் ஏறிவிட்டால் நகர்த்த முடியாது. அதனால் இரண்டு வண்டிக்கும் தனித்தனி வழி வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தும்படி நீளமான ஷெட் போட்டால், முன்னால் பிரித்துக் கிடக்கும் வண்டி பின்னால் ஓடுகிற வண்டியைச் சிறைவைத்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், பத்தடி அகலத்தில் இரண்டு ஷட்டர் போடுங்கள்.

உயரம். நம் வீட்டுக் கூரை பத்தடி. லிஃப்ட் போட வேண்டுமானால் இது பத்தாது. அம்பாசடர் ஐந்தே கால் அடி உயரம். அதன் அடியில் நீங்கள் நிமிர்ந்து நிற்க ஆறடி. மொத்தம் பதினொன்றே கால், கொஞ்சம் இடைவெளி விட்டால் தாழ்வான பக்கத்திலேயே 12 அடி வேண்டும். இப்போது லிஃப்ட் வாங்க வேண்டியதில்லை. நானும் இன்னும் வாங்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் தரையை 6 அங்குலத்துக்கு எம்25 என்னும் வலுவான காங்கிரீட்டில் போட்டு, அடியில் பைப்போ ஒயரோ போகாமல் பார்த்து, சுவரில் குறித்து வைத்திருக்கிறேன். கட்டும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். பிறகு தரையை உடைத்துச் செய்வது பெரும் செலவு.

லிஃப்ட் வேண்டாம், குழி வெட்டிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தங்கும். அதே குழிக்குள் ஒரு பல்பு உடைந்தாலோ கிரைண்டர் பொறி பறந்தாலோ போதும். மழைக்காலத்தில் நீர் ஊறுவது வேறு. நல்ல ஜாக்கி, மூன்று டன் ஸ்டாண்ட் நான்கு, இவை இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ஹாலோபிளாக் மேல் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். பாரம் ஒரு புள்ளியில் இறங்கினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும்.

தரை விஷயத்தில் மேஸ்திரியோடு பிடிவாதமாக நில்லுங்கள். நம் ஊரில் போர்டிகோ என்றாலே கேட்டைப் பார்த்து வாட்டம் கொடுப்பது பழக்கம். ஒர்க்‌ஷாப்புக்குள் வாட்டம் இருந்தால் ஜாக்கியில் தூக்கிய வண்டி நகரும். ரசமட்டம் வைத்து உள்ளே சமமாகவும், ஷட்டருக்கு வெளியே மட்டும் வாட்டமாகவும் போடச் சொல்லுங்கள். டைல்ஸ் வேண்டாம். ஜாக்கி ஏறினால் விரிசல் விடும், எண்ணெய் பட்டால் வழுக்கும். கெட்டியான காங்கிரீட் மேல் நன்றாக இழைத்த சிமென்ட் தரை போதும்.

ஒயரிங்கை வீட்டு லைனிலிருந்து இழுக்காதீர்கள். ஷெட்டுக்குத் தனி போர்டு, வெல்டிங்குக்குத் தனி 32 ஆம்பியர் லைன், மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, தனி எர்த். இரண்டு ஹெச்பி கம்ப்ரஸர் வரை சிங்கிள் பேஸில் ஓடும். அதற்கு மேல் போவதாக இருந்தால் முதலிலேயே த்ரீ பேஸுக்கு விண்ணப்பியுங்கள். வெளி வண்டியைக் காசுக்குப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தால் அது வீட்டு இணைப்பில் செல்லாது, கமர்ஷியல் கட்டணம் ஆகிவிடும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோவையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி. லேத் வாங்க வேண்டியதில்லை. கணபதி, பீளமேடு பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் லேத் பட்டறை இருக்கிறது. ஒரு புஷ் கடைய வேண்டுமா, ஒரு ஷாஃப்ட் சரிபார்க்க வேண்டுமா, அளவோடு போய் நின்றால் வேலை முடிந்துவிடும். இன்ஜின் போரிங்கும் வெளியேதான். பெயின்ட் அடிக்கவும் இடம் ஒதுக்காதீர்கள். இப்போது அடிக்கும் டூ-கே பெயின்ட்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, ஆஸ்துமா வரவைக்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். தேய்ப்பது, பட்டி பார்ப்பது, எபாக்சி பிரைமர் வரை வீட்டில், அதற்கு மேல் பெயின்ட் அடிக்கும் பூத் உள்ள இடத்தில். மழைக்காலத்தில் தேய்த்த தகரத்தை ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் காலையில் செம்மண் நிறம் பூத்திருக்கும், அதனால் தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

இப்போது பணம். காங்கிரீட் கூரை என்றால் கான்ட்ராக்டர்கள் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே பேசுவதில்லை, 576 சதுர அடிக்குப் பதினொன்றரை லட்சம் ஆகிவிடும். ட்ரஸ் என்னும் இரும்புச் சட்டம் போட்ட ஷீட் ஷெட் அதில் பாதிக்கும் கீழே முடியும், 12 அடி உயரமும் சுலபமாகக் கிடைக்கும். வெயில் இறங்கும்தான். ஷீட்டுக்கு அடியில் இன்சுலேஷன் கொடுத்து, உச்சியில் காற்றுப் போக்கி வைத்தால் மே மாதத்திலும் காலை பத்து மணி வரை வேலை செய்யலாம். அதையும் ஒரே தடவையில் முடிக்க வேண்டியதில்லை. அஸ்திவாரமும் தூண்களும் 24க்கு 24க்குப் போட்டுவிட்டு, கூரை பாதிக்கு மட்டும் போடுங்கள். அம்பாசடர் வரும்போது மீதி.

பர்சனல் லோன் வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஐந்து லட்சத்தை 13 சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்கு எடுத்தால் மாதம் 11,400 ரூபாய்க்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 1.8 லட்சத்தைத் தாண்டும். அந்த வட்டிப் பணத்தில் வெல்டிங் மெஷின், கம்ப்ரஸர், இன்ஜின் கிரேன், ஸ்டாண்டுகள், ஒரு நல்ல ஸ்பேனர் செட் எல்லாமே வாங்கிவிடலாம். தவணை கட்டுவதற்காக வண்டிக்குப் பாகம் வாங்குவதைத் தள்ளிப்போடும் நிலை வந்தால் ஷெட் இருக்கும், வேலை நடக்காது. வீட்டு நகையை அடகு வைப்பதும் கூடாது. அது ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் இருக்க வேண்டியது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் அதன் மேல் கூடுதலாக எடுக்கும் டாப்-அப் கடனுக்கு வட்டி குறைவுதான், ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் இழுக்கும். எடுத்தே ஆக வேண்டுமானால் தரைக்கும் ட்ரஸுக்கும் மட்டும் எடுங்கள், குறுகிய தவணையில் முடியுங்கள்.

நான் ஏலச் சீட்டு போட்டுத்தான் கட்டினேன். ஐந்து லட்சம் சீட்டு, 25 மாதம், மாதம் 20,000. ஏலத்தில் எடுப்பவர் தள்ளிவிடும் தொகை எல்லோருக்கும் கழிவாகப் பிரிந்து வருவதால் கட்டுவது அதைவிடக் குறைவாகவே இருக்கும். முன்மாதங்களில் அவசரப்பட்டு எடுப்பவர்களுக்குத் தள்ளுபடி அதிகம் போகும், கடைசி மாதங்களில் எடுப்பவருக்குத் தள்ளுபடி குறைவு, அதுவரை வந்த கழிவும் லாபம். ஒர்க்‌ஷாப்புக்கு அவசரமே இல்லை. பொறுத்திருந்து எடுக்கலாம், அந்தப் பொறுமைக்குச் சீட்டு பணம் தருகிறது. சீட்டு நடத்துபவர் எடுக்கும் ஃபோர்மேன் கமிஷன் சட்டப்படி 2019 திருத்தத்துக்குப் பின் 7 சதவீதம் வரை போகலாம், அதைக் கணக்கில் வையுங்கள். பதிவு செய்த சீட்டாக மட்டும் இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்று பதிவில்லாத சீட்டில் போட்டால், அவர் கையை விரித்த நாளில் போய்க் கேட்க இடம் இருக்காது. சீட்டு பிடிக்காது என்றால் வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி. அந்த இரண்டு வருஷத்தில் வண்டியை ஓட்டிப் பாருங்கள், எதை முதலில் பிரிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கருவிகளுக்கு மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள், வேலை கேட்கும்போது மட்டும் வாங்குங்கள். பெஞ்ச் வைஸ், பட்டடை, தடித்த இரும்புப் பலகை போன்றவற்றை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடுங்கள், புதிதைவிடக் கனமாகவே கிடைக்கும். ஸ்பேனர், ஜாக்கி, ஸ்டாண்ட் மட்டும் புதிதாக. இன்ஜின் தூக்கச் செயின் பிளாக் மாட்டுவதாக இருந்தால் கூரை ட்ரஸில் மாட்டக் கூடாது. ஷீட்டையும் காற்றையும் தாங்கப் போட்டது அது. தனி கர்டர் வைக்கச் சொல்லுங்கள், அல்லது கிரேன்.

ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வலை அடித்து மூடுங்கள். எலி நுழைந்தால் காரின் இருக்கை நாரையும் ஒயரிங்கையும் தின்றுவிடும், ஒயரிங்கை மறுபடி இழுப்பது பெரிய வேலை. ஷட்டர்கள் மேற்கு பார்க்க வேண்டாம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியையும் தூறலையும் நேராக உள்ளே கொண்டுவரும். கதவுப் பக்கத்தில் ஒரு 6 கிலோ ஏபிசி தீயணைப்பான்.

மேஸ்திரியைக் கூப்பிடும் முன் பத்மினியைக் காலியிடத்தில் நிறுத்தி, எல்லாக் கதவும் திறந்து வைத்து, சுண்ணாம்பால் கோடு போட்டு நடந்து பாருங்கள். உங்கள் இடத்தின் நீள அகலமும் வீடு எந்தத் திசை பார்த்தது என்பதும் கருத்தில் எழுதினால், ஷட்டர், மேஜை, லிஃப்ட் இடம் எங்கே வரலாம் என்று வரைந்து அனுப்புகிறேன்.