ராக் குழுவில் பெட்டி தூக்குபவர்கூட ஏன் போதையில் விழுகிறார்?

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரிக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி ஏற்றி இறக்கியவன் நான். கச்சேரி முடிய நள்ளிரவாகும். உடம்பு அலுத்திருக்கும், தூக்கம் வராது. அப்போதுதான் சாராய பாட்டில் வரும். (எங்களுக்கு அதோடு நின்றது, தப்பித்தோம்.)

அமெரிக்காவில் அந்த இடத்தில் ஹெராயின் என்கிற போதைமருந்து இருந்தது. ராக் பாடகர் நீல் யங்கோடு வாசித்த கிதார்க்காரர் டேனி விட்டன், அந்தப் பழக்கத்தால் 1972-ல் ஒத்திகையில் வாசிக்க முடியாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார், அன்றிரவே மதுவும் வேலியம் மாத்திரையும் சேர்ந்து செத்தார். அவர்களின் கருவிகளைச் சுமந்த புரூஸ் பெரி 1973-ல் ஹெராயினால் போனார். பாடகருக்கு மேனேஜர், டாக்டர், பணம் உண்டு. அப்படியும் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் 1970-ல் தப்பவில்லை. பெட்டி தூக்குபவர்களுக்கோ அடுத்த டூர் மட்டும்தான்.

இன்னொன்று, ஹெராயினைக் கொஞ்சநாள் நிறுத்தினாலே உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். திரும்பத் தொட்டு பழைய அளவையே ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும். விட்டுத் திரும்பியவர்கள் திடீரென்று சாவது பல நேரம் இப்படித்தான்.