கன்னத்தில் கீறிய ஊர்: அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உடல் குறிகள், கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): இந்த உடல் குறிகளும் நம் ஊர்ப் பச்சை குத்தல் மாதிரிதானா அக்கா?

இல்லைம்மா. இதில் மை கிடையாது. கத்தியால் தோலைக் கீறித் தழும்பாக ஆற விடுவார்கள். இன்றைய நைஜீரியாப் பகுதியைச் சேர்ந்த யோருபா மக்களுக்குக் கன்னத்தில் கோடுகள், அதே பகுதியின் இக்போ மக்களில் பெரியவர்கள் சிலருக்கு நெற்றியில் 'இச்சி' என்ற தழும்பு. இன்ன குடி, இன்ன தகுதி என்று விவரம் அறிந்தவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சில சமூகங்களில் முன்பற்களைக் கூராக அராவிக்கொள்வதும் உண்டு.

கேள்வி (தையற்கலைஞர்): சூடு போட்ட தழும்பும் இதில் சேருமா?

சேர்க்கவே கூடாதுங்க. அது சரக்குக்கு வியாபாரி குத்திய முத்திரை. அடிமை வணிகம் செய்த ஆங்கிலேய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி, யார்க் கோமகனை (டியூக் ஆஃப் யார்க்) குறிக்கும் 'டி.ஒய்.' எழுத்துகளைக் காய்ச்சிய இரும்பால் மனிதர்கள் உடம்பில் பதித்தது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): எஜமானர்களுக்குக் கீறல்களின் பொருள் தெரிந்திருந்ததா?

பலருக்குத் தெரியாது சார். ஆனால் ஆளைப் பிடிக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஜமைக்கா, தென் கரோலினா பத்திரிகைகளில் தப்பி ஓடியவர்களைத் தேடும் விளம்பரங்களில் 'நாட்டுக் குறி உண்டு' என்று வரும். பெயரை மாற்றிக்கொள்ளலாம், சட்டையை மாற்றிக்கொள்ளலாம், கன்னத்தை என்ன செய்வது? பெற்றவர்கள் இட்ட அடையாளமே பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறது. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துப்போகும்.

கேள்வி (அதே ஆசிரியர்): குறியை வைத்துச் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எஜமானர்கள் வைத்த இனப்பெயர்களை நம்ப முடியாது. அப்படி இனப்பெயராக வைத்த 'கொரமந்தி' என்பதே இன்றைய கானாவில் இருக்கும் ஒரு கோட்டையின் பெயர்தான். பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அப்புறம் அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களை மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் உள்ள ஃப்ரீடவுனில் பதிவு செய்தபோது பெயர், வயது, உயரத்தோடு உடல் குறிகளையும் எழுதிவைத்தார்கள். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தா அதைச் சிதைத்திருப்பார். பக்கத்தில் உள்ள தழும்பு விவரம் சில சமயம் வழி காட்டும். ஆனால் அக்கம்பக்கத்துச் சமூகங்களுக்குள் ஒரே மாதிரிக் குறிகள் உண்டு. அழகுக்காக, வைத்தியத்துக்காகக் கீறியதும் உண்டு. ஒரு கீறலை மட்டும் பார்த்து 'இவர் இன்ன ஊர்' என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (மருத்துவ மாணவர்): எலும்புகளில் சான்று உண்டா?

பற்களில் உண்டு தம்பி. 1991இல் நியூயார்க்கில் அரசுக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது பழைய ஆப்பிரிக்க இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோரின் பற்கள் அராவப்பட்டிருந்தன. சிறுவயதில் வளர்ந்த மண்ணின் தடயம் பல்லின் எனாமலில் தங்கும். அதையும் சோதித்து ஒப்பிட்டார்கள்.

கேள்வி (இல்லத்தரசி): குறி இல்லாதவர்கள்?

சிறுவயதிலேயே பிடிபட்டவர்கள் அப்படி இருப்பார்கள் அம்மா. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எழுத்தாளர் ஒலாடா எக்குவியானோ 1789இல் வெளியிட்ட தன் கதையில், அப்பாவின் நெற்றியில் பெருமைக்குரிய தழும்பு இருந்ததாகவும், தனக்கும் அதை இட இருந்ததாகவும் சொல்கிறார். அதற்குள், சுமார் 11 வயதில், வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து அவரையும் அவருடைய சகோதரியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.