இஸ்திகாரா தொழுதும் கனவு எதுவும் வரவில்லையே, என்ன அர்த்தம்?

வரன் ஒன்று வந்திருக்கிறது, ஏழு இரவு இஸ்திகாரா (ஒரு காரியத்தில் எது நல்லதோ அதைத் தரும்படி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை) தொழுதும் கனவில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளையோ பச்சையோ கண்டால் சரி, கறுப்போ சிவப்போ கண்டால் வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களாம். அல்லாஹ் உங்களுக்குப் பதில் சொல்லவில்லையோ என்று பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டாம் தங்கச்சி. இதே பயத்தோடு 2011-இல் நானும் ஒன்பது இரவு படுத்திருக்கிறேன்.

அந்த நிறக் கணக்கைச் சில பழைய நூல்களிலும் பார்க்கலாம். ஆனால் நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவித்து புகாரி என்ற தொகுப்பில் பதிவாகியுள்ள இஸ்திகாரா ஹதீஸில் (நபிமொழியில்) கனவும் இல்லை, தூக்கமும் இல்லை. குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல எல்லாக் காரியங்களிலும் இதை நபி (ஸல்) எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்கிறார் அவர். ஃபர்ளு (கடமையான தொழுகை) அல்லாத இரண்டு ரக்அத் தொழுகை, அதன் பிறகு ஒரு துஆ (பிரார்த்தனை), அவ்வளவுதான். ஏழு முறை என்பதற்கு ஓர் அறிவிப்பு உண்டு, அது பலவீனமானது. அதற்காக ஒரு முறையோடு நிறுத்த வேண்டும் என்றில்லை, மனம் தெளியாவிட்டால் மறுபடியும் தொழலாம்.

இது குறி கேட்பது இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இஸ்லாத்துக்கு முந்தைய மக்காவில் பயணம், திருமணம் என்று எதற்கும் கஅபாவிலிருந்த ஹுபல் சிலையிடம் போய் அம்பு எடுத்துப் பார்ப்பார்கள். செய் என்று வந்தால் செய்வார்கள், செய்யாதே என்று வந்தால் விடுவார்கள். குர்ஆன் 5:3 வசனம் அந்த அம்புகளைத் தடுத்துவிட்டது. நமக்குத் தரப்பட்டது இரண்டு ரக்அத்தும் ஒரு துஆவும். கனவில் நிறம் தேடி உட்கார்ந்தால் மறுபடி அந்த அம்பைத்தானே தேடுகிறோம்?

நபி (ஸல்) வஃபாத்தானபோது (இறந்தபோது) அவர்களுடைய கப்ரை (அடக்கக் குழியை) எப்படித் தோண்டுவது என்ற கேள்வி வந்தது. பக்கவாட்டில் குழி வைக்கும் லஹ்த் முறை தெரிந்தவர் ஒருவர், நடுவில் தோண்டுபவர் இன்னொருவர். 'நம் இறைவனிடம் இஸ்திகாரா செய்வோம், இருவருக்கும் ஆளனுப்புவோம், முதலில் வருபவர் தோண்டட்டும்' என்றார்கள் ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்). லஹ்த் தோண்டுபவர் முதலில் வந்தார். யாரும் தூங்கப் போகவில்லை, கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

ஸைனப் (ரலி) அவர்களிடம் நபியவர்களின் பெண் கேட்பு வந்தபோது அவர்கள் சொன்னது, 'என் இறைவனிடம் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லை.' சொல்லிவிட்டுத் தொழும் இடத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளை அல்லாஹ்வின் தூதர்! அப்போதும் கேட்டார்கள். உங்கள் வீட்டில் யாராவது 'நல்ல இடம்தானே, இதற்குமா இஸ்திகாரா' என்றால் இதைச் சொல்லுங்கள்.

சரி, என் கதை. ஊரில் வாடகைக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. சவூதியின் தம்மாமில் ஒரு கிடங்கில் வேலைக்கு விசா வந்தது. உம்மாவுக்குச் சர்க்கரை முற்றிய நேரம். போகவா, இருக்கவா? ஒன்பது இரவு தொழுதேன், கனவு வரவில்லை. உம்மாவிடமே கேட்டேன், 'போய்ட்டு வா, தங்கச்சியைக் கரை சேர்க்கணும்' என்றார். மெடிக்கல், ஸ்டாம்பிங் எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தது. வழி லேசாகிறது, இதுதான் பதில் என்று போனேன்.

2013 ரமளானில் உம்மா மவ்த்தாகிவிட்டார். ஊர் திரும்பும் அனுமதிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. நான்கு நாள் கழித்து வந்து கப்ரைத்தான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. கேட்டுவிட்டுத்தானே போனேன், பிறகு ஏன் இப்படி என்று பள்ளிவாசலில் உட்கார்ந்து ஹஜ்ரத்திடம் அழுதேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அந்த துஆவின் கடைசி வரியை ஓதச் சொன்னார், ஓதினேன். பொருள் சொல் என்றார், எனக்குத் தெரியவில்லை.

'ஸும்ம அர்ளினீ.' பிறகு அதை நான் பொருந்திக்கொள்ளும்படி செய்வாயாக.

முழு துஆவையும் அன்றுதான் பொருளோடு கேட்டேன். 'நீ அறிகிறாய், நான் அறியமாட்டேன். இந்தக் காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் இதை எனக்கு விதித்து, லேசாக்கி, பரக்கத் செய். கெட்டதென்றால் என்னை விட்டு இதைத் திருப்பு, இதை விட்டு என்னையும் திருப்பு. நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதி.' அதற்குப் பிறகுதான் பொருந்திக்கொள்ளும் மனதைக் கேட்கும் அந்த வரி வருகிறது. 'எனக்குக் காட்டு' என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை. நான் ஒன்பது இரவு காத்திருந்தது, துஆவில் நான் கேட்டே இராத ஒன்றுக்காக. கசப்பு அன்றே போகவில்லை, இரண்டு வருடம் ஆனது. அந்த ஒரு வரியைத் தனியாகவே ஓதிக்கொண்டிருந்தேன்.

இனி உங்கள் விஷயம். இஸ்திகாரா செய்தாகிவிட்டது என்று விசாரிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபியவர்களிடம் வந்து சொன்னபோது, முஆவியாவிடம் பொருள் இல்லை, அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்று நபியவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அதுதான் மஷூரா, அதாவது ஆலோசனை கேட்பது. அந்தப் பையன் வேலை செய்யும் இடம், கடன், கோபம், வீட்டுப் பெண்களிடம் பேசும் விதம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. விசாரித்ததில் கெட்டது தெரிந்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், உங்களுக்காக வேறு யாரையாவது தொழச் சொல்வதைவிட நீங்களே தொழுங்கள், ஹதீஸ் காரியம் யாருடையதோ அவரைத்தான் தொழச் சொல்கிறது. தொழுகை இல்லாத நாட்களாக இருந்தால் துஆவை மட்டும் ஓதலாம் என்று இமாம் நவவீ சொல்லியிருக்கிறார்.

வாப்பாவிடம் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். இன்று இஷாவுக்குப் பிறகு, 'இந்தக் காரியம்' என்று வரும் இடத்தில் அந்த வரனை நினைத்துக்கொண்டு, பொருள் தெரிந்து ஒரு முறை ஓதுங்கள். ஓதிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நாளைக் காலையில் விசாரிக்க ஆளனுப்பச் சொல்லுங்கள்.