எந்தத் திரை, எந்த செட்டிங்? புதிய அறிவியல் புனைவு, மிகுபுனைவுப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ‘டியூன்: பகுதி 2’ மறுபடி ஐமேக்ஸில் வந்தால் கூடுதல் காசு கொடுத்துப் போகலாமா? வீட்டில் 65 அங்குல டிவி இருக்கிறது.

பதில்: கட்டாயம் போங்கள். வீட்டுக்கு வந்திருக்கும் டிஸ்க்கில் படம் முழுக்க 2.39:1 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்), மேலும் கீழும் கறுப்புப் பட்டை. ஐமேக்ஸ் டிஜிட்டல் திரையில் அது 1.90:1. அகலம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் உயரம் 26 சதவீதம் கூடுகிறது. 1.43:1 திரை உலகத்திலேயே சில இடங்களில்தான் உண்டு. அங்கே அந்த அளவில் வரும் காட்சிகளுக்கு 67 சதவீதம். நாயகன் பால் ராட்சத மணற்புழு மேல் ஏறும் காட்சிக்கு இந்த உயரம்தான் உயிர். முன்வரிசை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், கழுத்து வலிதான் மிஞ்சும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னே, நடு இருக்கை எடுங்கள்.

கேள்வி: அதே படத்தில் ஹார்கோனன் கிரகத்தின் மைதானக் காட்சி கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே, பிறகு நிறத்தை உருவிவிட்டார்களா?

பதில்: இல்லை, எடுக்கும்போதே அப்படித்தான். ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் பதியும்படி மாற்றிய கேமராவில் எடுத்தார். தோல் மெழுகு போல வெளிறித் தெரிவது அதனால்தான். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் இரண்டு துணிகளில் ஒன்று அகச்சிவப்பில் கறுப்பாகவே நிற்கும், இன்னொன்று வெள்ளையாகிவிடும். துணிக்குப் போட்ட சாயம் அகச்சிவப்பை விழுங்குகிறதா, திருப்பி அனுப்புகிறதா என்பதைப் பொறுத்தது அது. அதனால் ஆடைகளைக் கேமரா முன் வைத்துப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க முடியும். அடுத்த முறை பார்க்கும்போது உடைகளை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: ‘அவதார்’ 3டி-யில் சில இடம் வழுவழுவென்று ஓடுகிறது, திடீரென்று பழையபடி ஆகிவிடுகிறது. புரொஜெக்டர் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. 2022-இல் வந்த ‘தி வே ஆஃப் வாட்டர்’, 2025 டிசம்பரில் வந்த ‘ஃபயர் அண்ட் ஆஷ்’ இரண்டுக்கும் ஹெச்எஃப்ஆர் பிரதி உண்டு, நொடிக்கு 48 பிரேம். நீருக்கடியில் நடப்பது போன்ற காட்சிகளில் 48-ம் தனித்தனிப் படம். நின்று பேசும் காட்சிகளில் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்டுவதால் வழக்கமான சினிமாவின் நொடிக்கு 24 பிரேம் போலவே தெரியும். 3டி-யில் வேகமான அசைவு துள்ளித் துள்ளி நகர்ந்தால் கண் வலிக்கும், அதற்காகச் செய்த ஏற்பாடு. உறுத்தினால் ‘ஹெச்எஃப்ஆர்’ என்று போடாத காட்சிக்கு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: ‘ஸ்பைடர்-வெர்ஸ்’ படங்கள் எங்கள் டிவியில் திக்கித் திக்கி ஓடுகின்றன. நெட் வேகம் போதவில்லையா?

பதில்: நெட் மேல் பழி இல்லை. பல அசைவுகளை நொடிக்கு 12 படமாகத்தான் வரைந்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் இரண்டு பிரேம் நிற்கும். முதல் படத்தின் காட்டுக் காட்சியில் அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டர் 24-இல் நழுவிப் போகிறான், புதிய ஸ்பைடர்மேன் மைல்ஸ் 12-இல் தடுமாறுகிறான். கற்றுக்குட்டி என்பதை வசனமே இல்லாமல் சொல்லும் இடம் அது. டிவியின் அசைவு மென்மையாக்கும் வசதி இடையில் இல்லாத படங்களைத் தானே இட்டு நிரப்பி இதைக் கெடுத்துவிடும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. அணைத்துவிடுங்கள், ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தைக்கு ‘ஃப்ளோ’ அனிமேஷன் படம் காட்டலாமா?

பதில்: காட்டலாம், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வெள்ளம் ஏறும் இடங்களிலும் பறவைகள் சண்டையிலும் பிள்ளை பயப்படக்கூடும். வசனமே இல்லாததால் மொழித் தொல்லை இல்லை, 85 நிமிடம்தான். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இலவச மென்பொருளான பிளெண்டரில் செய்து 2025-இல் ஆஸ்கர் வாங்கிய படம். விலங்குக் குரல்கள் நிஜமானவை. ஆனால் கேபிபாராவுக்கு (எலி இனத்தைச் சேர்ந்த பெரிய விலங்கு) ஒட்டகக் குட்டியின் குரல், ஏனென்றால் அதன் சொந்தக் குரல் அந்த நிதானமான உருவத்துக்குப் பொருந்தாத கீச்சு.

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ தொடரான ‘ஆண்டோர்’ இரண்டாம் சீசனை ஒரே மூச்சில் பார்க்கலாமா?

பதில்: மூன்று மூன்றாகப் பாருங்கள். மொத்தம் 12 எபிசோட், மூன்றுக்கு ஒருமுறை கதை ஓராண்டு தாவும். நடுவில் நிறுத்தினால் யார் எங்கே என்று குழம்பும். கடைசி எபிசோட் முடிந்த கையோடு ‘ரோக் ஒன்’ படத்தைப் போடுங்கள், கதை நேராக அங்கேதான் போய்ச் சேர்கிறது.