மார்கழிப் பனியும் கொல்லையில் தங்கும் ஆறுமணிக் குருவியும்

கேள்வி: பனி கொட்டும் நாடுகளில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் தங்கள் தோட்டத்துக்கு வரும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி நிறைய எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அப்படி ஏதாவது குளிர்கால அனுபவம் உண்டா?

உண்டு. எனக்கு வருஷத்தில் மிகவும் பிடித்த காலமே அதுதான்.

எங்கள் வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், பாக் விரிகுடாப் பக்கம் இருக்கிறது. கடலுக்குப் பத்து நிமிட நடை. வீட்டைச் சுற்றி 14 சென்ட் மணல் தரை. ஆறு தென்னை, இரண்டு வேம்பு, ஒரு பூவரசு, ஒரு முருங்கை, வேலியோரம் நாலு பனை. மிச்ச இடத்தில் அவரை, கத்தரி, பூசணி, முண்டு மிளகாய் போடுகிறேன். இங்கே ஜனவரியில்கூட இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எங்கள் பனி வெள்ளையாகக் கொட்டாது. விடியற்காலையில் பூசணி இலையில் கை வைத்தால் முழங்கை வரை நனையும், ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்து வரிசையாகக் குழி போட்டிருக்கும், அவ்வளவுதான். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்வார்கள் இல்லையா, அந்தக் குழிகளைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும்.

பழைய கணக்கில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிறவளுக்குக் குளிர்காலம் ஐப்பசியிலேயே தொடங்கிவிடும். முதலில் காற்று மாறும். தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் மணலை வாரி அடித்த காற்று ஓய்ந்து வாடை கிளம்பும். எங்கள் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். வாடை வந்துவிட்டால் அமைதியான பெண்கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அந்த வாரத்தில்தான் தோட்டத்துக்கு மேலே தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். அப்புறம் மழை. அப்புறம் விருந்தாளிகள்.

அந்த விருந்தாளிகளில் ஒன்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

2019 அக்டோபரில் ஒரு நாள், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த விடியற்காலை. கதவைத் திறந்தால் திண்ணை மூலையில் ஒரு சின்னப் பறவை உட்கார்ந்திருந்தது. மைனாவை விடக் கொஞ்சம் சிறியது, வாலே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குக் குட்டை வால். பக்கத்தில் போயும் பறக்கவில்லை. குனிந்து பார்த்தேன். முதுகு பச்சை, இறக்கையில் மின்னும் நீலத்தில் ஒரு திட்டு, கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைக் கோடு, வயிறு சந்தன நிறம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறமும் ஒரு கைப்பிடிக்குள். கண் பாதி மூடி, மூச்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரவு முழுக்க எரிந்த வாசல் விளக்கு நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டின் மேல் இரண்டு காகங்கள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டன.

ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை மெதுவாக உள்ளே வைத்து மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத சாமான் அறையில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பறவைகள் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஒரு ஆசிரியரிடம் போனில் விவரம் சொன்னேன். "அது ஆறுமணிக் குருவிம்மா. தோட்டக்கள்ளன்னும் சொல்வாங்க. வாயில தண்ணி ஊத்திடாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். இருட்டுல விடுங்க, தானே தெளியும்" என்றார். காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். வடக்கே இதை 'நவரங்' என்கிறார்கள், ஒன்பது நிறம் என்ற பொருளில்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து வளர்த்துவிட்டு, மழை முடிந்ததும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை இது. இரவில்தான் பயணம். வரும் வழியில் களைத்துப்போய் வீடுகளுக்குள் விழுவது கடலோர ஊர்களில் நடப்பதுதான் என்றார் ஆசிரியர். இலங்கைக்குப் போகிற வழியில் கடைசித் தரை நாங்கள். அவ்வளவு தூரத்தை அந்தக் கைப்பிடிச் சதையும் இறகும் கடந்து வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் பெட்டிக்குள் சரசரவென்று சத்தம் கேட்டது. கொல்லைப்பக்கம் பூவரசு அடியில் கொண்டுபோய்த் திறந்தேன். வெளியே வந்து நின்றது. வாலை மெதுவாக மேலும் கீழும் ஆட்டியது. இரண்டு தாவு தாவியது. தரையைப் பார்த்தது. மறுபடி தாவியது, மறுபடி தரையைப் பார்த்தது. கொத்த அங்கே ஒன்றுமே இல்லை.

ஏனென்றால் எங்கள் கொல்லை அவ்வளவு சுத்தம். என் மாமியார் வாரியல் பிடித்து வளர்த்த கொல்லை அது. ஒரு சருகு கிடக்காது. தினமும் பெருக்கி, மூலையில் குவித்து, வாரத்துக்கு ஒரு முறை தீ வைத்துவிடுவோம். நானும் பதினைந்து வருஷமாக அதையேதான் செய்துவந்தேன். அந்தக் குருவி வெறும் மணலில் ஐந்து நிமிடம் தாவித் தாவிப் பார்த்துவிட்டு, வேலியைத் தாண்டிப் பக்கத்து மனைக்குப் போய்விட்டது. யாரும் கவனிக்காமல் சீமைக்கருவேலம் மண்டி, சருகும் கூளமுமாகக் கிடக்கும் மனை. போன வேகத்தில் சருகைப் புரட்டும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் தோட்டம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்ட எனக்கு அந்தச் சத்தம் மனசில் தைத்துவிட்டது.

அந்த வாரம் கனடாவில், டொராண்டோ பக்கம் இருக்கும் என் தங்கையிடம் இதைச் சொன்னேன். அவளும் தோட்டக்காரிதான். "அக்கா, இங்க நாங்க இலையுதிர்காலத்துல விழுந்த இலையை முழுசா வார்றதை விட்டுட்டோம்" என்றாள். அங்கே சருகுக்கு அடியில் மண்ணைக் குடைந்துகொண்டு ராணி வண்டுத்தேனீக்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். சருகுக்குள்ளேயே ஒரு வகைத் தவளை கிடக்கும். உடம்பில் உள்ள நீரில் பாதிக்கு மேல் உறைந்து, இதயத் துடிப்பே நின்றுபோய், வசந்தத்தில் உருகி எழுந்து தத்திக்கொண்டு போகும். அதற்கு மேல் விழும் பனியும் ஒரு கம்பளிதான் என்றாள். பனிக்குள் சிறைப்பட்ட காற்று குளிரைத் தடுப்பதால், வெளியே மைனஸ் 20 இருந்தாலும் ஒரு முழப் பனிக்கு அடியில் தரை கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே நிற்குமாம். அந்த இடைவெளியில் எலிகள் சுரங்கம் போட்டு ஓடுகின்றன, பனி கரையும்போது அந்த வழிகள் புல்லில் கோடு கோடாகத் தெரியும் என்று படம் அனுப்பினாள். எங்களுக்கு அந்தப் பனி கிடையாது. ஆனால் சருகு உண்டே.

அடுத்த வருஷம் ஆவணியிலிருந்தே கொல்லையின் பின்பாதியைப் பெருக்குவதை நிறுத்தினேன். வீட்டில் பெரிய சண்டை. "ஏத்தா, வீட்டைச் சுத்திக் குப்பையைப் பரப்பி வச்சா பாம்பு வந்து அடையாதா?" என்றார் மாமியார். அவர் பயம் நியாயமானது. எங்கள் மணல்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. சருகு நிறத்திலேயே கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். அதனால் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குத் தரை வெள்ளையாகத் தெரிய வேண்டும். கிணற்றுக்கும் கழிவறைக்கும் போகும் பாதையும் அப்படியே. அதற்கு அப்பால்தான் சருகு. பொழுது சாய்ந்தால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் யாரும் பின்னால் போகக்கூடாது, சருகுக்குள் வெறுங்கையை விடக்கூடாது. இதை வாசித்துவிட்டு நீங்களும் செய்வதாக இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் வந்தது நினைவிருக்கும். கரை கடக்கும், கடக்கும் என்று எதிர்பார்த்து, ராமநாதபுரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றது. விட்டு விட்டு மழை. இரண்டாம் நாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பூவரசு அடியில் ஆறுமணிக் குருவி. இந்த முறை அது தரையைப் பார்த்துத் திகைக்கவில்லை. அலகால் ஒரு சருகைப் பிடித்துப் பக்கவாட்டில் எறிந்தது. அசையாமல் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல் பார்த்தது. இன்னொரு சருகு. பிறகு குத்தி, வெள்ளையாக ஒரு புழுவை இழுத்து, தரையில் இரண்டு அடி அடித்து விழுங்கியது. அடுப்பில் வைத்த உலையை மறந்து நின்றேன். மாமியாரும் பின்னாலேயே வந்து நின்றார். "இவ்வளவு அழகா இருக்கே" என்றார். அதற்கப்புறம் சருகைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. மாலை ஆறு மணிச் சீழ்க்கை கேட்டால் இப்போது முதலில் சொல்வது அவர்தான்.

சருகு சேர்ந்த பிறகு வேறு பலதும் வந்தன. தவிட்டுக்குருவிகள் எட்டுப் பத்தாக வந்து கூச்சல் போட்டுக்கொண்டே புரட்டும். அரணைகள் பெருகின. கொண்டலாத்தி வரும், ஆனால் அதற்குச் சருகை விட ஈரமணல்தான் பிடித்தம். எருக்குழியை நான் கிளறும் நாளில் செம்போத்து எப்படித்தான் தெரிந்துகொள்ளுமோ, தென்னைக்குக் கேடு செய்யும் காண்டாமிருக வண்டின் தடித்த புழுக்களைப் பொறுக்க வந்துவிடும். மயில் வருவது மட்டும் எனக்குச் சந்தோஷம் இல்லை. நாற்று முளைத்த பாத்தியில் இறங்கினால் பத்து நிமிடத்தில் வெறும் மண்தான். பாத்திக்கு மேலே முள் பரப்பி வைக்கிறேன், வேறு வழி கிடைக்கவில்லை.

முண்டு மிளகாய் பழுத்தால் கொண்டைக்குருவிகள் முழுசாக விழுங்குகின்றன. காரத்தை உணரும் நரம்பில் பறவைகளுக்கு மிளகாயின் காரம் ஏறாது. அதனால்தான் அவை விதையைப் பரப்ப முடிகிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், பறவையும் ருசிக்கட்டும் என்று நாலு செடியை அவற்றுக்கே விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் தவறு அது. நாட்டு அவரை பகல் குறுகிப் பனி விழத் தொடங்கினால்தான் பூக்கும். அதே பனிக்காலத்தில்தான் கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். ஒரு வருஷம் கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடித்தேன். அசுவினி செத்தது, அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளும் மொத்தமாகச் செத்துக் கீழே கிடந்தன. பத்து நாளில் அசுவினி திரும்பி வந்துவிட்டது, பொறிவண்டு வரவில்லை. அந்தச் செத்த வண்டுகளைத் தேன்சிட்டோ அரணையோ தின்றிருக்குமே என்று பல நாள் உறுத்தியது. இப்போது காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதோடு சரி. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடையாக ஒட்டினால் தீப்பந்தம் காட்டுவதையும் விட்டுவிட்டேன், பட்டை கருகுகிறது. சோப்புத் தண்ணீர் போதும்.

எங்கள் மாவட்டத்தில் பறவைகளுக்குப் பெரிய இடங்கள் இருக்கின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்தார்கள். இரண்டும் மனம் நிறைந்த செய்தி. ஆனால் ஆறுமணிக் குருவி கண்மாய்க்கோ உப்பங்கழிக்கோ போகாது. அதற்கு நிழலும் சருகும் வேண்டும், அது எங்கள் பக்கம் பெரும்பாலும் வீட்டுக் கொல்லைகளில்தான் மிஞ்சியிருக்கிறது.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையில் எங்கள் கொல்லையிலும் கணுக்கால் தண்ணீர். சருகெல்லாம் மிதந்து வேலியோரம் ஒதுங்கிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் வாரிக்கொண்டு வந்து மறுபடி பரப்பினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சீழ்க்கை கேட்டது. அந்த இரவிலிருந்து வாசல் விளக்கையும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பத்து மணிக்கு மேல் எரிய விடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனையை ஆறு மணிக்கு உள்ளே அடைத்துவிடச் சொல்லியிருக்கிறேன், அவர்களும் கேட்கிறார்கள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் சீழ்க்கை நின்றுவிடும். மறுநாளும் காது கொடுத்துப் பார்ப்பேன். ஒரு வாரம் கேட்காவிட்டால் வடக்கே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் வாரியலை எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். அதற்குள் அடியில் கிடந்த சருகு கறுத்துப் பொடியாகியிருக்கும். அதை அள்ளித் தென்னைக்குழிகளில் போட்டு மூடிவிடுவேன். மேலே கிடக்கும் காய்ந்த சருகை அடுத்த ஐப்பசிக்கென்று பூவரசு அடியிலேயே விட்டுவைப்பேன்.