பதினாறாம் நாளில் மாட்டிய பலகை

கேள்வி: எனக்கு 46 வயது. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் ஆகியோருடன் தஞ்சாவூரில் வசிக்கிறேன். இருபது ஆண்டுகளாகப் பெரியார் கொள்கையில் உறுதியாக இருப்பவன். எங்கள் திருமணமும் சுயமரியாதைத் திருமணமே. லண்டனில் பேருந்துகளில் நாத்திக விளம்பரம் செய்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே படித்ததிலிருந்து, நாமும் அப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருந்து வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் என் மாமனார் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்காக மனைவி புதுக்கோட்டைக்குப் போயிருந்தபோது, ‘கடவுள் இல்லை’ என்று தொடங்கும் பெரியாரின் வாசகத்தை முழுவதும் எழுதி, ஆறடிக்கு நான்கடிப் பலகையாக வாசல் சுற்றுச்சுவரில் மாட்டினேன். இப்போது தெருக்காரர்கள் மனுக் கொடுக்கிறார்கள். மைத்துனர் வந்து பலகையைப் பிடுங்கப் பார்த்தார். எங்களுடன் வந்து தங்கியிருக்கும் மாமியார் கொல்லைப்புற வழியாகவே போய்வருகிறார். நீதிமன்றமே இந்த வாசகத்தை ஏற்றுக்கொண்டிருப்பதால் நான் யாருக்கும் அஞ்சவில்லை. ஆனால் மனைவி, ஊரிலிருந்து திரும்பிய நாள் முதல் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கருத்துரிமை என்றால் என்ன என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தெருக்காரர்கள், மைத்துனர், நீதிமன்றம் என்று எல்லோரையும் வரிசையாகச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள். ஆனால் ‘பதினாறாம் நாள் காரியத்துக்காக மனைவி புதுக்கோட்டைக்குப் போயிருந்தபோது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இடத்தைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

லண்டன் பேருந்துச் செய்தி 2009ஆம் ஆண்டுச் செய்தி. அன்றிலிருந்து எத்தனையோ செப்டம்பர் 17 வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு பெரியார் பிறந்தநாளிலும் நீங்கள் அந்தப் பலகையை மாட்டியிருக்கலாம். மனைவி வீட்டில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் கிடைக்காத ஆளும் ஏணியும், அவர் தன் தகப்பனாரின் படத்துக்கு முன்னால் படையல் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்த அந்த ஒரு நாளில் எப்படிக் கிடைத்தன? அவரிடம் கேட்டிருந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருப்பார். அது உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆகவே கேட்க முடியாத நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டீர்கள். கடவுளுக்கும் அஞ்சாமல், தெருவுக்கும் அஞ்சாமல் இருக்கும் ஒருவர் தன் மனைவியின் ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சி, அவர் இல்லாத நேரம் பார்த்துச் சுவரில் துளை போட்டிருக்கிறார் என்றால், அதைத் துணிவு என்று நான் எப்படி எழுதுவேன்?

இன்னொன்றும் அந்த வரியிலேயே இருக்கிறது. மாமனாரின் பதினாறாம் நாளன்று மருமகன் தஞ்சாவூரில் என்ன செய்துகொண்டிருந்தார்? சடங்கில் நிற்க மாட்டேன் என்பது கொள்கை என்பீர்கள். நிற்க வேண்டாம். பந்தலுக்கு வெளியே நின்று வருகிறவர்களை ‘வாருங்கள்’ என்று கூப்பிடவும், பந்தியில் தண்ணீர் ஊற்றவும், மாமியாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காரவும் எந்தக் கொள்கை தடுத்தது? என் சித்தப்பா ஒருவர் கடைசிவரை கறுப்புச் சட்டை அணிந்தவர். எங்கள் பாட்டி இறந்தபோது அவர் ஒரு சடங்கிலும் உட்காரவில்லை. ஆனால் பதினாறு நாளும் வந்தவர்களுக்குப் பாய் விரித்தவரும், செலவுக் கணக்கு எழுதியவரும், காரியம் முடிந்து கிளம்பிய ஐயருக்கு வண்டி பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ‘ஐயருக்கா வண்டி?’ என்று யாரோ சீண்டியபோது, ‘வெயில் அவருக்கும் சுடுமல்லவா’ என்றார். அவருடைய நாத்திகத்தை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் குறைத்துப் பேசியதில்லை.

நீதிமன்றத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். பெரியார் சிலைகளின் பீடங்களில் அந்த வாசகம் இருக்கக் கூடாது என்று தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது உண்மை. கடவுளைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல ஒருவருக்கு அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது என்றால், அதை மறுத்துச் சொல்ல மற்றவருக்கும் அதே உரிமை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அது சரியான தீர்ப்பு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கு, ஓர் இயக்கம் தன் தலைவருக்கு வைத்த சிலையின் பீடத்தைப் பற்றியது. இரண்டு பேர் சேர்ந்து வாழும் வீட்டின் வாசலில், ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் என்ன எழுதலாம் என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டுக்குள்ளேயே, உங்களிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

வாசகத்தை ‘முழுவதும்’ எழுதியதாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் ‘கடவுளை வணங்குகிறவன் காட்டுமிராண்டி’ என்ற கடைசி வரியும் அதில் இருக்க வேண்டும். (நான் நாள்தோறும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள், ஆகவே உங்கள் பலகையின்படி நீங்கள் ஒரு காட்டுமிராண்டியிடம்தான் யோசனை கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை.) திருச்சியிலோ திருவரங்கத்திலோ நடுச்சாலையில் நிற்கும் ஒரு சிலையின் கீழ் அந்த வரியைப் படிக்கிறவர், பிடிக்காவிட்டால் கடந்து போய்விடலாம். கணவரை இழந்து, தன் வீட்டைப் பூட்டிவிட்டு, மகள் வீட்டில் வந்து ஒண்டியிருக்கும் ஓர் அம்மாள் எங்கே கடந்து போவார்? கொல்லைப்புற வழியாகத்தான் போவார். அவர் போவதைப் பார்த்தும், தெருக்காரர்களின் மனுவோடு மனுவாக அதையும் ஓர் எதிர்ப்பாகக் கணக்கெழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

லண்டனை எடுத்துக்காட்டினீர்கள்; அந்தக் கதையை முழுவதும் பார்ப்போம். 2008இல் ஆரியான் ஷெரின் என்ற நகைச்சுவை எழுத்தாளர் லண்டன் பேருந்து ஒன்றில் ஒரு கிறித்தவ விளம்பரத்தைப் பார்த்தார். அதில் கொடுத்திருந்த இணையதளம், நம்பாதவர்கள் நரகத்தில் வேதனைப்படுவார்கள் என்று சொன்னது. அதே இடத்தில் காசு கொடுத்து ஒரு பதில் சொன்னால் என்ன என்று அவர் எழுத, பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கம் துணைக்கு வந்தது. 5,500 பவுண்டு திரட்டுவதுதான் நோக்கம். பொதுமக்களிடமிருந்து ஒன்றரை லட்சம் பவுண்டு அளவுக்குக் குவிந்துவிட்டது. 2009 ஜனவரியில் பிரிட்டன் முழுவதும் 800 பேருந்துகளில், ‘அநேகமாகக் கடவுள் இல்லை, இனிக் கவலையை விட்டு வாழ்க்கையை அனுபவியுங்கள்’ என்ற வாசகம் ஓடியது. விளம்பர ஒழுங்கு ஆணையத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட புகார்கள் போயின. விதிமீறல் எதுவும் இல்லை என்று ஆணையம் சொல்லிவிட்டது. அடுத்த மாதமே ஒரு கிறித்தவக் கட்சி, ‘கடவுள் நிச்சயமாக இருக்கிறார்’ என்று தன் பங்குக்குப் பேருந்து விட்டது. மெதடிஸ்ட் திருச்சபையினரோ, மக்களை இப்படியாவது சிந்திக்க வைத்தார்களே என்று வரவேற்றார்கள்.

இதில் நீங்கள் கவனிக்காமல் விட்டவற்றைப் பாருங்கள். அவர்கள் எழுதிய வாசகத்தில் யாரையும் முட்டாள் என்றோ காட்டுமிராண்டி என்றோ சொல்லவில்லை. அந்த ‘அநேகமாக’ என்ற சொல்லைச் சிலர் கோழைத்தனம் என்று கேலி செய்தபோதும் அவர்கள் அதை விடவில்லை. இடத்துக்கு வாடகை கொடுத்தார்கள். உரியவரிடம் கேட்டுப் பெற்றார்கள். சௌத்தாம்டன் நகரில் கிறித்தவரான ஓட்டுநர் ஒருவர், இந்த வாசகம் ஒட்டிய பேருந்தை ஓட்ட மாட்டேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார். பேருந்து நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கவில்லை; கூடியவரை வேறு வண்டி தருகிறோம் என்று சொல்லித் திரும்ப அழைத்துக்கொண்டது. சம்பளம் கொடுக்கிற ஒரு நிறுவனம் தன் தொழிலாளி ஒருவருக்குக் காட்டிய அந்தக் கரிசனத்தைக்கூட, உங்களோடு இத்தனை ஆண்டுகள் குடும்பம் நடத்திய ஒருவருக்கு நீங்கள் காட்டவில்லை. ஓட்டுநருக்கு வேறு பேருந்து இருந்தது. உங்கள் மனைவிக்கு வேறு வீடு இருக்கிறதா?

நீங்கள் பெரியாரை மதிக்கிறவர் என்பதால் அவரை வைத்தே கேட்கிறேன். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மகளுக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்று சட்டம் நினைப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொன்ன இயக்கம் அது. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டதைப் பெருமையுடன் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமாகிய அந்தத் திருமண முறையில், தாலி இல்லாமலும், ஐயர் இல்லாமலும், இருவரும் தங்கள் வாயால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலே திருமணம் செல்லும். இருவரின் வாய்ச் சொல்லுக்கே அத்தனை மதிப்புத் தரும் ஏற்பாட்டில் தொடங்கிய இல்லறத்தில், ஒருவர் வாய் திறக்க முடியாத நாளாகப் பார்த்துக் காரியம் செய்திருக்கிறீர்கள். திரு.வி.க. ஈரோட்டுக்கு வந்து தங்கியபோது, குளித்துவிட்டு வந்தவரிடம் பெரியார் திருநீற்றை நீட்டினார் என்று மேடைதோறும் சொல்வார்கள். நீங்களும் எத்தனையோ முறை கைதட்டிக் கேட்டிருப்பீர்கள். தன் வீட்டில் தங்கியவருக்குப் பெரியார் செய்தது அது. உங்கள் வீட்டில் தங்கியவருக்கு நீங்கள் செய்தது இது.

மைத்துனர் பலகையைப் பிடுங்க வந்தது தவறு. 2006 டிசம்பரில் திருவரங்கத்தில் பெரியார் சிலையைத் திறப்பதற்கு முன்பே சிலர் உடைத்தார்கள். அந்த மாதமே அங்கே சிலை திறக்கப்பட்டது. கைவைக்கிறவர்களால் எந்தக் கருத்தும் அழிந்ததில்லை. தெருக்காரர்களுக்கும் நான் பரிந்து பேசப் போவதில்லை. மார்கழி முழுவதும் விடியற்காலையில் ஒலிபெருக்கியை அலறவிடும் தெருவாக உங்கள் தெருவும் இருந்தால், அவர்கள் மனு எழுதுவதற்கு முன் சற்று யோசிக்கலாம்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தைக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. தாத்தாவின் காரியத்துக்கு அவள் அம்மாவுடன் போயிருந்தாளா, அல்லது வீட்டிலிருந்து நீங்கள் ஏணி பிடிக்கச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. எப்படியிருந்தாலும், வீட்டில் பெண் இல்லாத நேரமே ஆண் முடிவெடுக்கும் நேரம் என்ற பாடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. நாளை அவளுடைய கணவன், அவள் உங்கள் மரணத்துக்காக வந்து உட்கார்ந்திருக்கும் நாளில், அவள் வாசலில் எதையாவது மாட்டினால் நீங்கள் கேட்க இருக்க மாட்டீர்கள்.

கருத்துரிமையை மனைவிக்குப் புரியவைக்க வழி கேட்டீர்கள். அவருக்குப் புரியாதது எதுவும் இல்லை. பலகையை நீங்களே கழற்றுங்கள். மைத்துனர் வந்து கழற்றும்வரை காத்திருக்க வேண்டாம், பகலில் தெருவே பார்க்கக் கழற்றுங்கள். அதற்காக நீங்கள் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை, உங்கள் கொள்கையில் ஓர் எழுத்தையும் விட வேண்டியதில்லை. பிறகு மனைவியிடம் போய், கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், ‘உன் அப்பாவின் பதினாறாம் நாளன்று நான் அங்கே இல்லை’ என்று மட்டும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் காத்திருங்கள். மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியமோ வங்கிக் கணக்கோ மாற்ற வேண்டியிருந்தால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவரை முன்வாசல் வழியாக அழைத்துப் போய் வாருங்கள். சில மாதங்கள் கழித்தும் பலகை வைக்கும் ஆசை உங்களுக்கு இருந்தால், மனைவியும் மாமியாரும் வீட்டில் இருக்கும்போது கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் அத்தோடு விடுங்கள்.

சுவரில் அந்தத் துளைகள் இருக்குமே, அவற்றைப் பூசி அடைக்க ஆளைக் கூப்பிடாதீர்கள். சிமெண்டைக் குழைத்து நீங்களே பூசுங்கள்.