கேள்வி – பதில்: நிழலையும் விரிசல் என்கிறதே!

கேள்வி: காரின் முன்கண்ணாடியில் போனைப் பொருத்தித் தெருக்களைப் படமெடுத்தேன். ஆர்டிடி2022 என்ற சாலைச் சேதப் படத்தொகுப்பில் பயிற்றுவித்த யோலோ மாடல் (படத்தில் பொருள்களைக் கண்டுபிடிக்கும் ஏஐ) மின்கம்பி நிழலையும், தார் ஊற்றி அடைத்த பழைய விரிசலையும் சேதம் என்கிறது. தண்ணீர் நின்ற குழியையோ விட்டுவிடுகிறது. பெரிய மாடலுக்கு மாறலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம், காசுக்குக் கேடு. அந்தத் தொகுப்பின் 47,420 படங்களும் ஜப்பான், இந்தியா, செக் குடியரசு, நார்வே, அமெரிக்கா, சீனாவில் எடுத்தவை. டர்பன் தெரு அதில் கிடையாது.

முதலில் படத்தைக் கவனியுங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 11 மீட்டர் நகரும். ஷட்டர் 1/100 நொடி என்றால் அதற்குள் 11 செ.மீ. போய்விடும், மெல்லிய விரிசல், குறிப்பாகக் குறுக்கே ஓடுவது, கரைந்தே போகும். 1/1000 வையுங்கள். அடுத்து, 1920 பிக்சல் அகலப் படத்தை 640 ஆகச் சுருக்கினால் 3 பிக்சல் விரிசல் ஒரே பிக்சலாகிவிடும். வானத்தையும் பானட்டையும் வெட்டிவிட்டுச் சாலைப் பகுதியை மட்டும் கொடுங்கள்.

நிழலுக்கு மருந்து: மாடல் ஏமாந்த படங்களில் சேதமே இல்லாதவற்றைப் பொறுக்கி, சேதத்தைக் குறிக்கும் பெட்டி எதுவும் வரையாமல் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். மொத்தப் பயிற்சிப் படங்களில் பத்தில் ஒரு பங்கு போதும். தார் அடைப்பு அப்படியல்ல. அதன் ஓரம் வழவழப்பாக, நாடா போலப் பளபளக்கும். அதைத் தனி வகையாகவே குறியுங்கள். குறிக்காமல் சும்மா விட்டால் மாடல் நிஜ விரிசலையும் சேர்த்து மறந்துவிடும்.

நீர் நின்ற குழி வானத்தைப் பிரதிபலிக்கும். ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் தெரியாது. அது குட்டையா குழியா என்று நம் கண்ணுக்கே சந்தேகம்தான். மழை விட்டுக் காய்ந்தபின் அதே தெருவில் இன்னொரு முறை ஓட்டுவதே உருப்படியான வழி.

சோதனைக்கென்று சில தெருக்களை முழுதாக ஒதுக்கிவையுங்கள். ஒரே தெருவின் அடுத்தடுத்த படங்கள் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிந்து போனால் மதிப்பெண் பொய்யாக ஏறும்.

கேள்வி: ஒரே குழி வரைபடத்தில் நான்காக விழுகிறதே?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அடுத்தடுத்த படங்களில் அதே குழி தெரிவதால்தான். ஒரே பொருளை அடுத்தடுத்த படங்களில் பின்தொடரும் பைட்ட்ராக் போன்ற டிராக்கரை இணைத்து, ஒரு தடத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். வேறு வேறு நாள் ஓட்டங்களில் 10 மீட்டருக்குள் வரும் ஒரே வகைச் சேதங்களைச் சேர்த்துவிட்டு, சந்தேகமானவற்றைப் படத்தோடு ஒப்பிடுங்கள். போனின் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடம் சொல்லும். அரை நொடி பிசகினாலே 5 மீட்டர் தள்ளிப்போகும். படமெடுத்த நேரத்தை வைத்து, இரண்டு ஜிபிஎஸ் புள்ளிகளுக்கு நடுவே இடத்தைக் கணக்கிடுங்கள்.